பழைய வீட்டுக் கணினி ஊர்கிறது: மறுபடியும் ஃபோர்மட் செய்வதா, வேறு வழி உண்டா?

களுவாஞ்சிகுடி ரீச்சர் | வெள்ளி, இரவு 8.15

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கணினி 2013இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-3220, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பாடசாலை வினாத்தாள், புள்ளிப்பட்டியல், மகளின் உயர்தர வகுப்புக் குறிப்புகள், கொஞ்சம் யூடியூப். இதற்கு மேல் அதில் ஒரு வேலையும் இல்லை.

சுவிட்சைப் போட்டால் முகப்புத் திரை வரவே நெடுநேரம் பிடிக்கிறது. வந்த பிறகும் எலியை நகர்த்தினால் அம்புக்குறி நின்று நின்று நகர்கிறது. வேர்டைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய் வந்தாலும் வெள்ளைத் திரைதான். பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஃபோர்மட் செய்து தருகிறார்கள். சில வாரங்கள் நன்றாக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. ஒவ்வொரு ஃபோர்மட்டுக்குப் பிறகும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலிருந்து அச்சுப்பொறி வரை எல்லாவற்றையும் நான் முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது.

பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புது மடிக்கணினி வாங்குவோம் என்கிறார் வீட்டுக்காரர். இன்றைய விலைக்குக் கடன்பட்டு வாங்க எனக்கு மனமில்லை. தவணைப் பரீட்சை நெருங்குகிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மட்டுநகர் இளையவன் | வெள்ளி, இரவு 8.40

அக்கா, முதலில் ஒரு கிளீனர் மென்பொருளைப் போட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் ஓட விடுங்கள். இரவு முழுவதும் ஓடட்டும். ரேம் பூஸ்டர் என்று ஒன்று இருக்கிறது, அதையும் போடலாம். தொடக்கத்தில் தானாகத் திறக்கும் மென்பொருட்களை நிறுத்திவிடுங்கள். என் மாமாவின் கணினிக்கு இப்படித்தான் செய்தேன், இப்போது பறக்கிறது.

கல்முனைப் பட்டறை | வெள்ளி, இரவு 9.25

ரீச்சர், இந்தத் தொழிலில் நீண்ட காலமாக இருக்கிறேன். ஆகவே கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: இன்றிரவு டிஃபிராக் ஓட விடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி இளையவன் சொன்னதில் தொடக்க மென்பொருட்களை நிறுத்துவது சரியான யோசனை. மற்றவற்றை நான் ஏற்க மாட்டேன். ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய பதிவுகளால் கணினி மெதுவாவதில்லை. அதைத் துடைத்து வேகம் பெற்ற கணினியை நான் கண்டதில்லை. துடைத்த பிறகு அச்சுப்பொறி வேலை செய்யாமல் வந்த கணினிகளைக் கண்டிருக்கிறேன். ரேம் பூஸ்டர் அதைவிட மோசம். விண்டோஸ் ரேமில் வைத்திருப்பதையெல்லாம் அது வெளியே தள்ளும். அடுத்த நிமிடமே விண்டோஸ் அவற்றைத் திரும்ப டிஸ்க்கிலிருந்து எடுக்கும். மெதுவாக இருக்கும் இடத்துக்கே வேலையைக் கூட்டுகிறோம்.

காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதுபோல எல்லாக் கணினிக்கும் ஃபோர்மட் என்று ஒன்று நம் ஊர்களில் பழகிப்போய்விட்டது. எந்த இடம் அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். பார்ப்பதற்குக் கடைக்குப் போகத் தேவையில்லை.

கணினியைப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஓரளவு ஓய்ந்த பிறகு கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும். வேர்டைத் திறக்கச் சொல்லிவிட்டு மூன்றையும் பாருங்கள். டிஸ்க் பக்கத்தின் கீழே சராசரிப் பதிலளிப்பு நேரம் என்று ஓர் எண் மில்லிசெக்கனில் காட்டும். அதைத்தான் நான் பார்க்க வேண்டும். மெமரி பக்கத்தில் ரேம் துளைகளில் எத்தனை பாவனையில் இருக்கின்றன என்பதையும் குறித்து வாருங்கள்.

களுவாஞ்சிகுடி ரீச்சர் | வெள்ளி, இரவு 10.10

நன்றி ஐயா. மகளைக் கொண்டு கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பார்த்து எழுதுகிறேன்.

சிபியு 10 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையில் நிற்கிறது. மெமரி 3.9 ஜிபியில் 3.1. ஒரு துளையில் மட்டுமே ரேம் இருக்கிறது, இரண்டாவது காலி. டிஸ்க் 100 சதவீதத்திலிருந்து இறங்கவே இல்லை. ஆனால் வாசிக்கும் வேகம் 1.4 எம்பி என்று காட்டுகிறது. பதிலளிப்பு நேரம் ஏறி ஏறி இறங்குகிறது. நான் பார்த்தபோது 1,800 வரை போனது. நூறு சதவீதம் உழைத்துவிட்டு 1.4 எம்பிதான் வாசிக்கிறது என்றால் எப்படி? எனக்கு விளங்கவில்லை.

கல்முனைப் பட்டறை | வெள்ளி, இரவு 10.50

நல்ல கேள்வி. இதை விளங்கிக்கொண்டால் இனி யாரும் உங்களுக்குத் தேவையில்லாததை விற்க முடியாது.

உங்கள் ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 தரம் சுற்றுகிறது, அதாவது செக்கனுக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல் பிடிக்கும். வேண்டிய தகவல் வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிசெக்கன். அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னும் 8 அல்லது 9. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிசெக்கன். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் துண்டுகளை ஒரு செக்கனுக்கு எண்பது தரம் அளவில்தான் எடுக்க முடியும். துண்டு ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: செக்கனுக்கு 320 கிலோபைட். டிஸ்க் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், வேலை மட்டும் நகராது. பெரிய படக் கோப்பு ஒன்றை ஒரே இழுப்பில் கொப்பி செய்யும்போது இதே டிஸ்க் 100 எம்பிக்கு மேலும் போகும். விண்டோஸ் தொடங்குவதும் வேர்ட் திறப்பதும் அந்த வகை வேலை அல்ல. ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைத் தேடி எடுக்கிற வேலை. விண்டோஸ் 10 இந்த வேலையை ஓயாமல் கொடுக்கிறது: புதுப்பிப்பு, வைரஸ் காவல், தேடல் அட்டவணை.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சிப் வகைச் சேமிப்பில் சுற்றும் தட்டு இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லிசெக்கன்கூடப் பிடிக்காது. அதைப் போட்டால் பழைய கணினி புதிதாகத் தெரிவதற்கு இந்த ஒன்றுதான் காரணம்.

ஆனால் ரீச்சர், 1,800 என்ற எண் எனக்குக் கவலை தருகிறது. வேலை அதிகமானால் நல்ல டிஸ்க்கிலும் அது சில நூறுக்குப் போகும். ஆயிரத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயல்கிறது என்று பெரும்பாலும் பொருள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் இரவு முழுவதும் டிஃபிராக் ஓட விட்டால் விடியும்போது அது இல்லாமலும் போகலாம். நாளைக்கு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அது காட்டுவதை எழுதுங்கள். அதுவரை கணினியை அணைத்து வையுங்கள்.

அக்கரைப்பற்று ஓய்வூதியர் | சனி, காலை 6.30

அன்பர்களுக்குக் காலை வணக்கம். இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அடியேனிடம் 2009இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று உள்ளது. விண்டோஸ் 7, ரேம் 2 ஜிபி. பத்திரிகை வாசிப்பதற்கும், கடிதம் எழுதுவதற்கும், கனடாவிலுள்ள மகளுடன் முகம் பார்த்துப் பேசுவதற்கும் அது வேண்டும். இப்போது பல இணையத் தளங்கள் திறக்க மறுக்கின்றன. இதற்கும் எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடுமா?

ஒலுவில் மாணவன் | சனி, காலை 9.05

ஐயா, உங்கள் பிரச்சினையின் வேர் வேறு. விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டது. குரோம் உலாவியும் 2023 தொடக்கத்தோடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. தளங்கள் திறக்க மறுப்பது பெரும்பாலும் உலாவி பழையதாகிவிட்டதால்தான். மடிக்கணினியின் திகதியையும் ஒருமுறை பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பற்றரி தீர்ந்துபோனால் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போதும் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

அந்தக் காலத்து மடிக்கணினியில் டிடிஆர்2 ரேம் இருக்கக்கூடும். அதற்கு இப்போது பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். மகளுடன் பேசக் கைத்தொலைபேசி போதும். படமும் அதில் தெளிவாக இருக்கும். கடிதத்துக்கும் பத்திரிகைக்கும், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் இலகுவான வகை ஒன்றை முயலலாம். அதைப் பற்றி ஓட்டமாவடி நண்பர் நன்றாகச் சொல்லுவார்.

களுவாஞ்சிகுடி ரீச்சர் | சனி, காலை 10.20

மென்பொருளைப் போட்டுவிட்டேன். மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை என்ற பொருள்படக் காட்டுகிறது. வரிசைகளில் இரண்டுக்கு மட்டும் மஞ்சள் புள்ளி. 05 என்ற வரிசையில் கடைசியில் 10, சி5 என்ற வரிசையில் பல சைபர்களுக்குப் பிறகு ஏ8. எண்ணுக்குள் எழுத்து ஏன் வருகிறது?

ஒலுவில் மாணவன் | சனி, காலை 10.45

ரீச்சர், அந்த நிரல் பதினாறின் அடியெண்ணில் எழுதப்படுகிறது. ஏ என்பது 10. ஆகவே ஏ8 என்றால் பத்துப் பதினாறும் எட்டும், 168. அதேபோல அந்த 10 என்பது 16. மகளின் பாடத்தில் தகவல் தொழினுட்பம் இருந்தால் அவருக்கே இது தெரிந்திருக்கும்.

05 வரிசை, பழுதாகி ஒதுக்கப்பட்டு வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். 168 இடங்களில் டிஸ்க் தடுமாறி நிற்கிறது. ஃபோர்மட் செய்த பிறகு சில வாரங்கள் ஏன் நன்றாக ஓடியது என்பதும் இதனால் விளங்கும். புதிதாக எழுதும்போது கெட்ட இடங்கள் சில ஒதுக்கப்படும், சில பாவனைக்கே வராது. கோப்புகள் பெருகி அந்த இடங்களைத் தொட்டதும் மறுபடியும் நிற்கும்.

கல்முனைப் பட்டறை | சனி, முற்பகல் 11.30

இனி வேகத்தைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வையுங்கள். முதல் வேலை கோப்புகளைக் காப்பாற்றுவது.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றோ பெரிய பென் டிரைவ் ஒன்றோ இரவல் வாங்குங்கள். முழு டிஸ்க்கையும் ஒரேயடியாகக் கொப்பி செய்யாதீர்கள். திரும்பச் செய்ய முடியாதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் படங்கள், வினாத்தாள்கள், புள்ளிகள். கோப்புறை கோப்புறையாக எடுங்கள். ஏதாவது ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதோடு மல்லுக்கட்டாமல் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மென்பொருட்களையும் பாடல்களையும் விட்டுவிடுங்கள், அவை எங்கும் கிடைக்கும். டிஸ்க்கைத் திருத்துகிறேன் என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருத்தும் வேலை வாசிக்க முடியாத இடங்களைத்தான் போட்டுக் குடையும்.

முக்கியமானது எதுவும் சிக்கி நின்றால் என்னிடம் சொல்லுங்கள். லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி டிடிரெஸ்கியூ என்ற கருவியால் எடுக்கலாம். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டுக் கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும்.

மட்டுநகர் இளையவன் | சனி, பிற்பகல் 1.15

எஸ்எஸ்டி வாங்குவதானால் என்விஎம்இ என்ற அதிவேக வகையை வாங்குங்கள் அக்கா. செக்கனுக்கு 3,000 எம்பிக்கு மேல் போகும். விலை வித்தியாசமும் பெரிதாக இல்லை.

கல்முனைப் பட்டறை | சனி, பிற்பகல் 2.40

தம்பி, அந்த வேகம் உண்மைதான். ஆனால் அதைச் செருக இந்தக் கணினியில் இடம் கிடையாது. மூன்றாம் தலைமுறை ஐ3 போட்டு அந்த நாளில் விற்றவற்றில் பெரும்பாலும் எச்61 வகை மதர்போர்ட்தான் இருக்கும். அந்த வகையைச் செருகும் எம்.2 துளை அதில் வராது. ரீச்சர் கேட்டு வாங்க வேண்டியது பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரிலேயே இணையும் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி. கடையில் நீண்ட மெல்லிய பட்டை வடிவில் எதையாவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எச்61இன் சாட்டா துளைகள் 3 கிகாபிட் வகை. எஸ்எஸ்டியின் பெட்டியில் 550 எம்பி என்று போட்டிருந்தாலும் இங்கே 280ஐத் தாண்டாது. அதற்காக மனம் தளர வேண்டாம். நேற்றுச் சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்: நமக்குத் தேவை சின்னத் துண்டுகளை உடனே எடுத்துத் தருவது. அதில் ஒரு குறையும் வராது. 240 ஜிபி உங்கள் வேலைக்குத் தாராளம். பெயர் தெரியாத நிறுவனத்தின் பெரிய கொள்ளளவு மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் வாங்க வேண்டாம். 2 டிபி என்று காட்டி உள்ளே சின்ன மெமரி கார்ட் ஒட்டிய பெட்டிகள் உலவுகின்றன. உத்தரவாதமும் பில்லும் தரும் கடையில் வாங்குங்கள்.

ரேமைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். 3.9இல் 3.1 என்றால் உலாவியில் இரண்டு மூன்று பக்கம் திறந்தாலே நிரம்பிவிடும். நிரம்பினால் விண்டோஸ் டிஸ்க்கை ரேமாகப் பாவிக்கும். அங்கேதான் இரட்டைத் தண்டனை. இரண்டாவது துளை காலியாக இருப்பது நல்ல காலம். இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 கார்ட் பாவித்ததாகக் கிடைத்தாலும் போதும். டிடிஆர்4 அதில் செருகாது; வெட்டு வேறிடத்தில் இருக்கும். பணம் ஒன்றுக்கு மட்டும்தான் இருக்கிறதென்றால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள், ரேம் அடுத்த மாதம்.

ஓட்டமாவடி லினக்ஸ் நண்பன் | சனி, மாலை 5.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரீச்சர், புது எஸ்எஸ்டியில் எதைப் போடப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் ஐ3ஐ ஏற்காது. அதற்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியில் பிள்ளைகளின் விபரங்களை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபி ரேமிலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு வரும். பணம் கட்டத் தேவையில்லை, உரிமம் வாங்காத விண்டோஸை வாங்கியதுபோல் காட்டும் திருட்டு அக்டிவேட்டரும் தேவையில்லை. அந்த அக்டிவேட்டர்களைப் பற்றி எனக்கு உள்ளூரக் கோபம் இருக்கிறது. வைரஸ் காவலை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் எதையும் ஒரு ஆசிரியரின் கணினியில் யாரும் ஓட்டக் கூடாது. கணினி மெதுவாவதற்கே அதோடு ஒட்டிக்கொண்டு வந்த களவு மென்பொருள் காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று ஐயா, உங்கள் மடிக்கணினிக்கும் இதுதான் என் பதில். பென் டிரைவில் ஏற்றி, ஒன்றையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் பதியுங்கள்.

மட்டுநகர் இளையவன் | சனி, மாலை 5.45

காக்கா, ரூஃபஸ் மென்பொருளால் பென் டிரைவ் செய்தால் விண்டோஸ் 11இன் அந்தச் சோதனைகளைத் தாண்டிப் பதியலாமே. நான் செய்திருக்கிறேன்.

ஓட்டமாவடி லினக்ஸ் நண்பன் | சனி, மாலை 6.10

பதியலாம் தம்பி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப் பதிந்த கணினிக்குப் புதுப்பிப்பு தொடரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பெரிய பதிப்பு வரும்போது மீண்டும் கையால் செய்ய வேண்டிவரும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் சமாளிப்பீர்கள். ரீச்சர் வினாத்தாளை அச்சிடும் இரவில் யாரைத் தேடுவார்?

களுவாஞ்சிகுடி ரீச்சர் | சனி, இரவு 8.30

நீங்கள் சொல்வது நியாயமாகப் படுகிறது தம்பி. என் சிக்கல் பாமினி. பல வருட வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. கல்வி வலயத்திலிருந்து வருவதும் அதிலேயே வருகிறது, அனுப்புவதையும் அதிலேயே கேட்கிறார்கள். லினக்ஸில் அது திறக்குமா?

ஓட்டமாவடி லினக்ஸ் நண்பன் | சனி, இரவு 9.00

திறக்கும். பாமினி எழுத்துருக் கோப்பை எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டால் லிப்ரே ஒஃபிஸில் அப்படியே தெரியும். போடாவிட்டால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து வரும், விண்டோஸிலும் அப்படித்தானே. யுனிகோடில் தட்டச்சுச் செய்ய எங்கள் நாட்டு ரங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99 இரண்டும் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டவணையும் படமும் நிறைந்த வினாத்தாளில் வரிகள் சற்று இடம் மாறலாம். ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய கேள்வி அடுத்த பக்கத்துக்குத் தாவும். உங்கள் அச்சுப்பொறிக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கல்முனைப் பட்டறை | சனி, இரவு 9.35

இதனால்தான் பரீட்சை முடியும்வரை விண்டோஸ் 10இலேயே இருங்கள் என்று சொல்லுவேன். மைக்ரோசொஃப்ட் கணக்கில் புகுந்து நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். உங்கள் விண்டோஸ் முறையாக அக்டிவேட் ஆனதென்றால் அந்த உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. எஸ்எஸ்டியை மாற்றி அதே பதிப்பைப் புதிதாகப் பதிந்தாலும் இணையத்தில் இணைந்தவுடன் தானாக ஏற்றுக்கொள்ளும். விடுமுறையில் ஆறுதலாக மின்டைப் பென் டிரைவில் ஓட்டி, வினாத்தாள் ஒன்றை அச்சிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ஓட்டமாவடித் தம்பியின் கவலை சரியானது. அவசரம் வேண்டாம் என்பதுதான் என் பக்கம்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யலாமா, அதாவது முழுதாகப் படியெடுக்கலாமா என்று மாணவன் தனிமடலில் கேட்டார். நல்ல டிஸ்க்காக இருந்தால் செய்யலாம். 168 இடம் வாசிக்காத டிஸ்க்கைக் குளோன் செய்தால் ஓட்டை விழுந்த விண்டோஸ்தான் புது எஸ்எஸ்டிக்கும் போகும். புதிதாகப் பதிவதே நல்லது. பதிவதற்கு முன், கணினி எழும்பும்போது திறக்கக்கூடிய பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்து மதர்போர்ட் சிலவற்றில் ஐடிஇ என்ற பழைய முறையில் கிடக்கும்.

களுவாஞ்சிகுடி ரீச்சர் | அடுத்த வியாழன், இரவு 7.50

எல்லோருக்கும் நன்றி. எஸ்எஸ்டியும் 4 ஜிபி ரேமும் போட்டாயிற்று. கல்முனை ஐயா சொன்ன முறையிலேயே கோப்புகளை எடுத்தோம். 2016ஆம் ஆண்டுப் படங்கள் சில சிக்கி நின்றன. டிடிரெஸ்கியூவை மாணவத் தம்பி தொலைபேசியில் சொல்லிக் கொடுத்து மகள் ஓட்டினாள். பெரும்பாலானவை வந்துவிட்டன. சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கிறது. வினாத்தாள்கள் முழுவதும் கிடைத்தன.

இப்போது சுவிட்சைப் போட்டுக் கதிரையை இழுத்து உட்காருவதற்குள் முகப்புத் திரை வந்துவிடுகிறது. வீட்டுக்காரரே நம்பவில்லை.

இன்னும் இரண்டு குறை இருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடினால் மின்விசிறி இரைகிறது. யூடியூபில் பாட வீடியோவை 1080இல் வைத்தால் விட்டுவிட்டு ஓடுகிறது.

ஒலுவில் மாணவன் | வியாழன், இரவு 8.20

வீடியோவுக்குக் காரணம் இருக்கிறது ரீச்சர். யூடியூப் இப்போது விபி9, ஏவி1 என்ற முறைகளில் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. உங்கள் ஐ3இன் கிராஃபிக்ஸ் பகுதிக்கு அவற்றை விரிக்கத் தெரியாது, எச்.264 முறையை மட்டும் அது தானே விரிக்கும். மற்றவற்றுக்குச் சிபியு முழுப் பாரத்தையும் சுமக்கிறது. ஃபயர்ஃபொக்ஸில் எச்.264ஐ மட்டும் கேட்க வைக்கும் நீட்சி ஒன்று உண்டு, அதைப் போடுங்கள். 720இல் பார்த்தாலே பாடம் தெளிவாகத் தெரியும். மின்விசிறி இரைவதற்கும் இந்தப் பாரம் ஒரு காரணம்.

கல்முனைப் பட்டறை | வியாழன், இரவு 9.10

மற்றக் காரணம் பெட்டிக்குள் இருக்கும். ரீச்சர் இருப்பது கடற்கரை ஊர். உப்புக் காற்றில் தூசி ஈரமாகி ஒட்டும். ஊதினாலும் போகாத ஒரு மெழுகுப் படலமாகிவிடும். எங்கள் பக்கத்துக் கணினிகளைத் திறந்தால் ஹீட் சிங்கின் இடுக்கெல்லாம் சாம்பல் நிறக் கம்பளிபோல அடைத்திருக்கும். பவர் சப்ளைக்குள் பல்லி முட்டையும் செத்த பல்லியும் கிடக்கும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மென்பொருளில் எதைச் செய்தும் அதற்கு மருந்தில்லை.

மின்சார வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில செக்கன் அழுத்தி, மீதி மின்சாரம் போன பிறகு பக்கத் தகட்டைத் திறங்கள். மெல்லிய பெயின்ட் தூரிகையால் தூசியைத் தட்டி ஊதுங்கள். ஊதும்போது மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ரேம் கார்டைக் கழற்றிப் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகுங்கள். உப்புப் படிந்த பற்களால் கணினி தானாக அணைந்து எழும்புவது எங்கள் கரையோரத்தில் சாதாரணம். பத்து வருடத்துக்கு மேலான கணினியில் சிபியுவுக்கு மேலுள்ள பசையும் காய்ந்திருக்கும். அதை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள், பெரிய செலவில்லை. பவர் சப்ளையை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் உள்ளே அடிக்கும் மின்சாரம் இருக்கும்.

பெட்டி நிலத்தில் இருந்தால் இன்றைக்கே மேசைக்கு ஏற்றுங்கள். மாரி வெள்ளத்தில் நனைந்த கணினிகள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் வருகின்றன. அநேகமானவற்றுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இருப்பதில்லை. யூபிஎஸ் இல்லையென்றால் அதுதான் அடுத்துச் சேர்க்க வேண்டியது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது எஸ்எஸ்டிக்கும் நல்லதல்ல. இடி முழங்கும் மாலைகளில் மின்சார வயரோடு இணைய வயரையும் கழற்றுங்கள்.

களுவாஞ்சிகுடி ரீச்சர் | வியாழன், இரவு 9.40

பெட்டி நிலத்தில்தான் இருந்தது. ஏற்றிவிட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? பழைய இரும்புக்காரர் நாளைக்கு வருகிறார்.

ஒலுவில் மாணவன் | வியாழன், இரவு 10.00

அவரிடம் கொடுக்க வேண்டாம் ரீச்சர். பிள்ளைகளின் புள்ளிகளும் அடையாள அட்டைப் படிகளும் அதில் இருக்கின்றன. ஃபோர்மட் செய்தாலும் மீட்டெடுக்கலாம். காப்பாற்றியவற்றை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எஸ்எஸ்டி பழுதானால் ஹார்ட் டிஸ்க் போல முன்கூட்டி முனகாது. பல நேரம் ஒரேயடியாக நின்றுவிடும். இரண்டாவது படி இருப்பது உறுதியான பிறகு பழைய டிஸ்க்கைத் திறந்து தட்டைக் கீறி வளைத்துவிடுங்கள். ஆணிகள் நட்சத்திர வடிவில் இருக்கும், அதற்கேற்ற திருப்புளி வேண்டும்.

அக்கரைப்பற்று ஓய்வூதியர் | வெள்ளி, காலை 6.15

மாணவத் தம்பி சொன்ன திகதி விடயம் சரியாக இருந்தது. என் மடிக்கணினி 2009 ஜனவரி முதலாம் திகதி என்று காட்டிக்கொண்டிருந்தது. திருத்தியதும் வங்கித் தளம் ஒன்று திறந்தது. மற்றவை இன்னும் மறுக்கின்றன. பேரன் மின்ட் பென் டிரைவ் செய்து தந்திருக்கிறான். மடிக்கணினி அதை ஏற்காமல் விண்டோஸுக்கே போகிறது.

ஓட்டமாவடி லினக்ஸ் நண்பன் | வெள்ளி, காலை 7.05

ஐயா, போடும்போதே எஃப்12 அல்லது எஃப்9 விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று ஒரு பட்டியல் வரும். அதில் பென் டிரைவ் தெரியாவிட்டால் பின்பக்கத்துத் துளையில் செருகிப் பாருங்கள். வங்கித் தளத்துக்கு மட்டும் விண்டோஸ் 7இல் தயவுசெய்து போகாதீர்கள். மின்ட் எழும்பும்வரை அந்த வேலையைக் கைத்தொலைபேசியில் செய்யுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை இங்கே எழுதினால் எந்த விசை என்று பார்த்துச் சொல்கிறேன்.